ஐரோப்பாவில் வேட்டைப் பயணம்: ரைஃபிளுக்கு முன் தோட்டாவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்

ஜெர்மனியில் வேட்டைத் தேர்வு எழுதி யாக்ட்ஷைன் (வேட்டை உரிமம்) கைக்கு வந்துவிட்டது. ரைஃபிளும் வாங்கி சேஃபில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் ஸ்வீடனில் இருந்தோ போலந்தில் இருந்தோ ஒரு நண்பர் கூப்பிடுகிறார், எங்கள் காட்டுக்கு வாருங்கள் என்று. உடனே ரைஃபிளுக்கான காகிதங்களைத் தேட ஆரம்பிக்கிறோம். தோட்டாவின் நினைப்பு கடைசி வாரத்தில்தான் வருகிறது. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஸ்வீடனுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் போனபோது, முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்திருந்தும், விமான நிலைய கவுன்டரில் ரைஃபிளை ஏற்றுக்கொண்டு தோட்டாப் பெட்டியை மட்டும் மறுத்துவிட்டார்கள். இறங்கிய ஊர்க் கடையில் என் கேலிபர், அதாவது என் ரைஃபிளுக்குப் பொருந்தும் தோட்டா அளவு, இல்லை. அடுத்த ஊர்க் கடையில் இருந்தது. ஆனால் அழைப்புக் கடிதத்தில் வேட்டை நடக்கும் இடமும் தேதியும் இல்லை என்று கடைக்காரர் தயங்கினார். நண்பரை அழைத்து, புதிய கடிதம் வரவழைத்து வாங்கி முடிப்பதற்குள் அன்றைய வேட்டை முடிந்துவிட்டது. முதல் முறை போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் வசிப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், பெரும்பகுதி மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கும் பொருந்தும்.

1. தோட்டா எங்கிருந்து வரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு வழிகள் உண்டு. காரில் கூடவே எடுத்துப் போகலாம். விமானத்தில் எடுத்துப் போகலாம். போன இடத்தில் வாங்கலாம். இல்லையென்றால் ரைஃபிளையே எடுத்துப் போகாமல், அழைத்தவரின் ரைஃபிளையும் தோட்டாவையும் பயன்படுத்தலாம்.

என் கருத்தில், காரில் போக முடிகிற தூரம் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வீட்டில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்தில் விழும்படி ஸ்கோப்பைத் திருத்திச் சுட்டுப் பார்த்த, அதே தோட்டாவை எடுத்துப் போங்கள். விமானம்தான் வழி என்றால் எடுத்துப் போங்கள், ஆனால் அது வந்து சேராது என்று வைத்துக்கொண்டு மாற்று ஏற்பாடும் செய்யுங்கள். போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு கிளம்புவது கடைசி வழி. இரண்டு நாள் வேட்டைக்கு மட்டும் போகிறவர்களுக்கு, அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால், இரவல் ரைஃபிள் மிக எளிது. செலவும் குறைவு.

இணையத்தில் அந்த நாட்டுக் கடையில் ஆர்டர் கொடுத்து உங்கள் வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்பச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். எல்லை தாண்டித் தோட்டா அனுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

2. காகிதங்கள்

அடிப்படை ஆவணம் ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/555 எண் ஆணையின் கீழ் வருவது. நீங்கள் வசிக்கும் நாடுதான் இதைத் தரும். குடியுரிமை எந்த நாடு என்பது இதில் கேள்வியில்லை. ஜெர்மனியில் மாவட்ட ஆயுத அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துப்பாக்கி உரிமை அட்டை, யாக்ட்ஷைன், அடையாள அட்டை, புகைப்படம் கொண்டுபோங்கள். கட்டணம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், பெரும்பாலும் 100 யூரோவுக்குள் முடிந்துவிடும். பாஸ் 5 ஆண்டு வரை செல்லும், நீட்டிக்கவும் முடியும். கிடைக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதனால் அழைப்பு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக ஜெர்மனிக்கு வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டில் 5 ஆண்டு தொடர்ந்து வசிக்காதவருக்குத் துப்பாக்கி உரிமையை மறுக்க ஜெர்மன் சட்டம் அலுவலகத்துக்கு இடம் கொடுக்கிறது. தேர்வில் தேறியிருந்தாலும் இது தடையாகலாம். ரைஃபிளுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாஸில் ஒவ்வொரு துப்பாக்கியும் கேலிபரோடு பதிவாகியிருக்கும். இதுதான் தோட்டா வாங்கும்போது உங்களைக் காப்பாற்றும் வரி. ஒரு துப்பாக்கியை வைத்திருக்க உரிமை உள்ளவருக்குத்தான் அதற்கான தோட்டாவும் என்பது ஐரோப்பிய ஆணையின் அடிப்படை. பாஸில் .30-06 என்று இருக்க, நீங்கள் .308 கேட்டால் கடைக்காரர் தரமாட்டார். பாஸ் கைக்கு வந்ததும் கேலிபர் வரியை ரைஃபிள் குழாயில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ் மட்டும் போதாது. பயணத்தின் காரணத்தைக் காட்ட வேண்டும் என்றும் ஆணை சொல்கிறது. அதற்குத்தான் அழைப்புக் கடிதம். அதில் உங்கள் பெயர், அழைப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வேட்டை நடக்கும் இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, வேட்டையாடப்போகும் விலங்கு எல்லாம் இருக்கட்டும். அந்த நாட்டு மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்தில்லாத மின்னஞ்சலைக் கடைகளில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

முன் அனுமதி இல்லாமல் பாஸையும் அழைப்பையும் வைத்தே போகும் இந்தச் சலுகை, வேட்டைக்காரர்களுக்கு ஆணையின் சி பிரிவு ஆயுதங்களுக்கு மட்டும்தான். கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் சாதாரண ரைஃபிள் சி பிரிவு. தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் அரைத் தானியங்கி ரைஃபிள்கள் பெரும்பாலும் பி பிரிவு. அவற்றுக்குப் போகிற நாட்டின் முன் அனுமதியும் வேண்டும். முதல் பயணத்துக்கு அரைத் தானியங்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் வேட்டை அட்டை உண்டு. ஸ்வீடனில் அரசு வேட்டை அட்டை ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லும். பிரான்சில் வெளியூர்க்காரர்களுக்கு ஏற்றபடி 3 நாள், 9 நாள் என்று தற்காலிகப் பதிவுகள் இருக்கின்றன. வேறு நாட்டில் வசித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வருகிறவர் என்றால் 14 நாள் செல்லும் தற்காலிக யாக்ட்ஷைன் எடுக்க வேண்டும். அதற்கு வேட்டைப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஆள் சேதத்துக்குக் குறைந்தது 5,00,000 யூரோ, பொருள் சேதத்துக்கு 50,000 யூரோ. அது கையில் இருந்தால் ஜெர்மன் கடைகளில் நீளத் துப்பாக்கிக்கான வேட்டைத் தோட்டா வாங்குவது எளிது.

3. கேலிபரின் முழுப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். தவறான தோட்டா ரைஃபிளை வெடிக்கவைக்கும். கண்ணும் கையும் போகும்.

ஐரோப்பியக் கேலிபர்களில் முதல் எண் குண்டின் தடிமன், இரண்டாவது எண் குண்டைப் பிடித்திருக்கும் உலோக உறையின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அதற்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 7×57, 7×57 ஆர் இரண்டும் வேறு வேறு. ஆர் என்றால் உறையின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கிகளுக்கானது. போல்ட் ரைஃபிளுக்கு ஆர் இல்லாததுதான் வேண்டும்.

8×57இல் இன்னும் கவனம். பழைய ஐ வகையின் குண்டு சுமார் 8.1 மி.மீ., ஐஎஸ் வகையின் குண்டு சுமார் 8.2 மி.மீ. பழைய ஐ குழாயில் ஐஎஸ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். தாத்தா காலத்து ரைஃபிளை யாராவது இரவல் தந்தால் குழாயில் இருக்கும் பொறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள். 8×57 ஐஆர்எஸ் என்று விளிம்புள்ள மூன்றாவது வகையும் இருக்கிறது.

6.5 குடும்பமும் குழப்பும். 6.5×55, 6.5×57, 6.5 கிரீட்மோர் மூன்றுக்கும் குண்டு ஒரே தடிமன், உறைகள் வேறு. அமெரிக்க வகைகளில் .308 வின்சஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் இரண்டுக்கும் ஒரே குண்டு. உறை மட்டும் முதலாவதில் 51 மி.மீ., இரண்டாவதில் 63. .300 வின்சஸ்டர் மேக்னம் என்றும் .300 வின்சஸ்டர் ஷார்ட் மேக்னம் என்றும் இரண்டு உண்டு. கடையில் வாயால் சொன்னால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. தாளில் எழுதிக் காட்டுங்கள். வீட்டுப் பெட்டியின் மூடியைப் படம் எடுத்து போனில் வைத்திருங்கள். வாங்கியதும் தோட்டாவின் அடித்தட்டில் பொறித்திருப்பதைக் குழாயில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

இன்னும் ரைஃபிள் வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயணம் போக எண்ணம் இருந்தால் .308 அல்லது .30-06 வாங்குங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான வேட்டைக் கடைகளில் இவை இருக்கும். வடக்கே ஸ்வீடன், நார்வே பக்கம் 6.5×55 எளிதாகக் கிடைக்கும், பெரிய விலங்குகளுக்கு 9.3×62உம் அங்கே பரிச்சயம். 7×64 ஜெர்மனியிலும் பிரான்சிலும் தாராளம், வடக்கே தேட வேண்டியிருக்கும்.

4. ஈயமா, ஈயமில்லாததா? சக்தி எவ்வளவு?

கேலிபர் சரியாக இருந்தும் தோட்டா சட்டவிரோதமாக இருக்கலாம். டென்மார்க்கில் 2024 ஏப்ரல் 1 முதல் ஈயக் குண்டுள்ள ரைஃபிள் தோட்டாவை வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஜெர்மனிக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் 2015லேயே குளம்புள்ள விலங்குகளுக்கு ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயச் சிதறுகுண்டுகளுக்கு ஒன்றியம் முழுக்க 2023 பிப்ரவரி 15 முதல் தடை. அது ஷாட்கன்னுக்கான விதி, ரைஃபிளுக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஆலோசனை சொல்பவர்கள் உண்டு.

பல நாடுகளுக்குப் போகிறவர்கள் ஒரேயடியாக ஈயமில்லாத குண்டுக்கு மாறிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எல்லையைத் தாண்டும்போது யோசிக்க வேண்டியதில்லை. மாறும்போது குழாயைச் செம்பு நீக்கும் திரவத்தால் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

சக்திக்கும் வரம்பு உண்டு. ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் வேண்டும். மற்ற குளம்புள்ள விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. தடிமனும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். ஸ்வீடனில் மூஸ் மானுக்குக் குண்டு 9 கிராமுக்குக் குறையாமல் 100 மீட்டரில் 2,700 ஜூல் இருக்க வேண்டும், அல்லது 10 கிராமுக்குக் குறையாமல் 2,000 ஜூல். இதனால் 6.5×55 வைத்திருப்பவர் 10.1 கிராம் குண்டை வாங்கினால் சட்டத்துக்கு உட்பட்டவர், 9.1 கிராம் குண்டை வாங்கினால் பெரும்பாலும் 2,700ஐத் தொடமாட்டார். இரண்டு பெட்டியும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெட்டியில் கிராம் இல்லாமல் கிரெயின் மட்டும் இருந்தால், 150 கிரெயின் 9.7 கிராம், 165 என்பது 10.7, 180 என்பது 11.7.

5. அழைத்தவரிடம் கேட்க வேண்டியவை

இரண்டு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் கேலிபரின் முழுப் பெயர், குண்டின் எடை, ஈயமில்லாதது என்ற விவரம் மூன்றையும் எழுதி அனுப்பி, பக்கத்துக் கடையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடையின் பெயரும் எண்ணும் கிடைத்தால் நீங்களே பேசுங்கள். வெளிநாட்டு பாஸுக்கு விற்பார்களா, வேறு என்ன காகிதம் வேண்டும், இரண்டு பெட்டி எடுத்து வைப்பார்களா, சனிக்கிழமை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கடைசிக் கேள்வி சின்னது போலத் தோன்றும். ஆனால் வெள்ளி இரவு போய் இறங்குகிறவருக்கு அதுதான் முக்கியம். சிற்றூர்க் கடைகள் சனி மதியத்தோடு மூடிவிடுவது சாதாரணம், ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை.

கடைக்காரர் சரி என்றால் அதை மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அன்று வேறு ஆள் இருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் மறுக்க எந்த விற்பனையாளருக்கும் உரிமை உண்டு, மறுத்தால் வாதாடிப் பயனில்லை.

6. விமானத்தில் எடுத்துப் போவது

பொது விதி: ஒருவருக்குப் பெட்டியோடு சேர்த்து 5 கிலோ தோட்டா, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், சரக்குப் பெட்டியில் மட்டும். கைப்பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிளம்புமுன் கோட் பாக்கெட், முதுகுப்பை மூலைகள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். இரண்டு பேரின் அளவை ஒரே பொதியில் சேர்க்கவும் கூடாது. .30-06இல் 20 தோட்டா உள்ள ஒரு பெட்டி அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். நமக்கு மூன்று பெட்டிக்கு மேல் தேவையே இல்லை, ஆகவே எடை ஒரு பிரச்சினை அல்ல.

பிரச்சினை விமான நிறுவனத்தின் சொந்த விதி. ரைஃபிளைத் தனியாக, தோட்டாவைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்கிற நிறுவனங்கள் உண்டு. தோட்டா ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே பூட்டிய சிறு பெட்டியில் இருக்கலாம் என்று ஒருவர் சொல்வார், வேறு சூட்கேஸில்தான் இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். சில நிறுவனங்கள் ஆயுதமே ஏற்றுவதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன் அவர்களுடைய விதியைப் படியுங்கள். எடுத்த அன்றே பதிவு செய்து, "ரைஃபிளும் தோட்டாவும்" என்று இரண்டையும் பெயர் சொல்லி உறுதிசெய்யும் பதிலை வாங்குங்கள். ரைஃபிள் பதிவானால் தோட்டாவும் பதிவாகிவிட்டது என்று கொள்ளாதீர்கள்.

தோட்டா தொழிற்சாலைப் பெட்டியிலேயே இருக்கட்டும். தளர்வாகப் பையில் போட்டால் ஏற்கமாட்டார்கள். முடிந்தவரை நேர் விமானம் எடுங்கள். நடுவில் இறங்கி மாறினால் அந்த நாட்டின் விதியும் உங்கள் தலையில் விழும். நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். சோதனைக்குப் போலீஸோ சுங்கமோ வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நார்வே சுங்க ஒன்றியத்தில் இல்லை, அங்கே இறங்கினால் சிவப்பு வழியில் போய் ஆயுதத்தையும் தோட்டாவையும் அறிவிக்க வேண்டும்.

காரில் போகிறவர்கள் ரைஃபிளைக் காலியாக, பூட்டிய பெட்டியில், தோட்டாவை வேறு பூட்டிய பெட்டியில் டிக்கியில் வையுங்கள். காப்பிக்கு நிறுத்தினாலும் ஒருவர் காரிலேயே இருங்கள். கப்பலில் ஏறுவதாக இருந்தால் கப்பல் நிறுவனத்துக்கும் முன்பே எழுத வேண்டும்.

7. சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும்

சுவிட்சர்லாந்தைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சில நாடுகளின் குடிமக்கள் அங்கே ஆயுதமோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். வேட்டைக்காக விதிவிலக்கு தர கன்டோன் (மாநில) அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, எழுத்தில் வாங்காமல் ஒரு தோட்டாவைக்கூட எடுத்துப் போகாதீர்கள். இலங்கைக் குடியுரிமையை விட்டு ஜெர்மன் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பிரிட்டனில் ஐரோப்பிய பாஸ் இப்போது செல்லாது. அங்கே வசிக்கும் ஒருவர் உங்களுக்காக உள்ளூர்ப் போலீஸில் வருகையாளர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் எண்ணிக்கையைச் சரியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்கு இரண்டு மூன்று நாள் போகிறவர் இந்த வழியில் போகவே வேண்டாம். 17 வயது நிரம்பியவர், ரைஃபிளைத் தருபவர் கூடவே இருக்க, அவருடைய நிலத்தில் அந்த ரைஃபிளையும் தோட்டாவையும் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. பெரிய வேட்டை எஸ்டேட்களில் இதற்கென்றே ரைஃபிள் வைத்திருக்கிறார்கள்.

8. கடையில் வாங்கும்போது

பாஸ், யாக்ட்ஷைன், அழைப்புக் கடிதம், அந்த நாட்டு வேட்டை அட்டை, கடவுச்சீட்டு ஐந்தையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள், நகல் அல்ல, அசல். ஜெர்மன் விலையில் பழகியவர்களுக்கு வடக்கே விலை கூடுதலாகத் தோன்றலாம். இங்கே .308, .30-06 வகைகளில் 20 தோட்டாவுக்குச் சாதாரண ஈயக் குண்டு என்றால் 35 முதல் 50 யூரோ, ஈயமில்லாதது 60 முதல் 100 யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புள்ள கேலிபர்கள் இதற்கும் மேல் போகும்.

இரண்டு பெட்டி வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ரசீதை விட்டுவிடாதீர்கள், வழியில் போலீஸ் கேட்டால் எங்கே வாங்கியது என்று காட்ட அதுதான் சாட்சி.

9. மறுபடி ஜீரோ செய்யாமல் காட்டுக்குள் போகாதீர்கள்

வேறு நிறுவனத்தின் தோட்டா, அதே கேலிபர் அதே எடையாக இருந்தாலும், 100 மீட்டரில் பல சென்டிமீட்டர் தள்ளி விழலாம். அது ஒரு விலங்கைக் காயத்தோடு ஓடவிடுவதற்குப் போதும். விலங்குக்கு அந்த வேதனையைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அழைத்தவரிடம் சுடும் தளத்துக்கு முன்பே நேரம் வாங்கச் சொல்லுங்கள். குழாய் ஆறியபிறகு மூன்று தோட்டா, ஸ்கோப்பைத் திருத்தி இன்னும் மூன்று, கடைசியாக ஒன்று. ஒரு பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும் என்பதால்தான் இரண்டு பெட்டி வாங்கச் சொன்னேன். தளம் கிடைக்கவில்லை என்றால் இரவல் ரைஃபிளைக் கேளுங்கள்.

10. மிச்சத் தோட்டா

கூடவே எடுத்துப் போனதில் மிச்சம் இருப்பதைத் திரும்பக் கொண்டுவரலாம், அது பயணத்தில் அடக்கம். அங்கே வாங்கியதைக் கொண்டுவருவது வேறு. ஜெர்மன் சட்டம் தற்காலிகமாக உடன் எடுத்துச் செல்வதையும் நிரந்தரமாக நாட்டுக்குள் கொண்டுவருவதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று டிக்கியை நிரப்பினால் யாக்ட்ஷைனே பறிபோகலாம்.

ஆகவே அங்கே வாங்கியதைக் கிளம்பும் நாளுக்கு முன் சுடும் தளத்தில் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதே கேலிபருக்கு உரிமை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அழைத்தவரிடம் அந்தக் கேலிபர் இல்லை என்றால் அவரிடம் விட்டுவரக் கூடாது, அவரையும் சிக்கலில் மாட்டிவிடும். வாங்கிய கடையிலேயே கேளுங்கள். காசு திரும்பக் கிடைக்காவிட்டாலும், வாங்கிக்கொள்ள முடிந்தால் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.